ரோலி ஊராருக்கு ஒரு நன்றி மடல்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து ரோலியில் குடியிருப்பவர்களுக்கும், சுற்றியுள்ள பண்ணைகளிலிருந்து வந்து கைகொடுப்பவர்களுக்கும்,

வணக்கம். உங்களுக்குத் தமிழ் தெரியாது. இதை என் மகள் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவாள். கால்கரியிலும் எட்மன்டனிலும் இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் உங்களைத் தெரிய வேண்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

போன அக்டோபரில் டிரம்ஹெல்லரில் டைனோசர் எலும்புகளைப் பார்த்துவிட்டு, சும்மா வடக்கே வண்டியை விட்டோம். அந்த ஆண்டின் முதல் பனி. சரளைச் சாலையில் கார் வழுக்கி ஓரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. பின்சீட்டில் அம்மா குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். அறுவடை முடிந்த வயல்களுக்கு அப்பால் மூன்று உயரமான மரக் கட்டடங்கள் மட்டும் தெரிந்தன. “அங்க ஆள் இருப்பாங்க” என்றார் அம்மா. என்ன செய்வதென்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் ஒரு பிக்கப் வந்து நின்றது. இறங்கிய பெரியவர் முதலில் அம்மாவைத் தன் வண்டியில் ஹீட்டர் பக்கம் உட்காரவைத்தார். அப்புறம்தான் சங்கிலியை எடுத்தார். பணம் நீட்டியபோது வாங்கவில்லை. “மாதக் கடைசிச் சனிக்கிழமை பீட்சா சாப்பிட வாங்க, அது போதும்.”

வந்தோம். அன்று பார்த்ததை இன்னும் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பத்துப் பேருக்கு முன்பின் குடியிருக்கும் ஊர். அந்த இரவு சாம்ஸ் சலூன் என்ற உங்கள் மதுக்கூடத்தில் உட்கார இடமில்லை! பீட்சா சுட்டவர்கள், தட்டு எடுத்தவர்கள் எல்லாருமே சம்பளம் இல்லாமல் வந்தவர்கள். வரும் பணம் ஊரின் பழைய கட்டடங்களைப் பராமரிக்கப் போகிறது என்று அடுப்படியில் நின்ற அம்மையார் சொன்னார்.

மறுமுறை வந்தபோது, பள்ளத்திலிருந்து பார்த்த அந்த மூன்றின் அடியில் போய் நின்றோம். தானிய எலிவேட்டர்கள். நம் ஊர்க் குதிர் ஆறேழு மாடி உயரத்துக்கு வளர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. வண்டியோடு கோதுமையை எடை போட்டுக் குழியில் கொட்டுவார்களாம். வாளிகள் கோத்த பட்டை அதை உச்சிக்குத் தூக்கும். அங்கிருந்து குழாய் வழியே தானாகச் சரிந்து ரயில் பெட்டியில் விழும். குதிரை வண்டிக்காரர் ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் சில மைல்களுக்கு ஒன்றாக இவை எழுந்தன. 1930களில் கனடாவின் புல்வெளி மாகாணங்களில் ஐயாயிரத்துக்கும் மேல் இருந்தன. 1995இல் தானிய ரயில் கட்டணச் சலுகை போனது. கம்பெனிகள் பெரிய கான்கிரீட் கிடங்குகளுக்கு மாறின. கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1990களின் கடைசியில் ரோலியின் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ரயிலுக்காகவே பிறந்த ஊரில் ரயில் இல்லை.

அதற்குப் பிறகும் நீங்கள் அந்த மூன்றையும் நிற்க வைத்திருக்கிறீர்கள். ஸ்டேஷனை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறீர்கள். அன்று அந்த உச்சிகள் கண்ணில் படாமல் இருந்திருந்தால், பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற தைரியமே எங்களுக்கு வந்திருக்காது. அதற்காகத்தான் முதல் நன்றி. சங்கிலி கட்டி இழுத்ததற்கு அடுத்தது.

அந்தப் பெரியவரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். இரண்டு முறை வந்தும் கண்ணில் படவில்லை. யாராவது அவரிடம் சொல்லுங்கள்: அம்மா நலமாக இருக்கிறார்.

அடுப்படி அம்மையாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மா இறைச்சி தொடமாட்டார் என்பதை முதல் தடவை ஒரே ஒருமுறைதான் சொன்னேன். அடுத்த தடவை நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே வெங்காயமும் குடைமிளகாயும் போட்ட பீட்சா ஒன்று தனியே வந்தது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வருகிற கடைசிச் சனிக்கிழமை நானும் மகளும் மதியமே வந்துவிடுகிறோம். மாவு பிசையவோ, தட்டுக் கழுவவோ, எதற்கு ஆள் குறைகிறதோ அங்கே எங்களை நிறுத்துங்கள்.

நன்றியுடன்,
கால்கரியிலிருந்து ஒரு குடும்பம்