சரியாத குளக்கட்டும் சரிந்த படங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மாரி காலத்தில் தங்கள் பத்திரிகையின் பிரதேசச் செய்திப் பக்கத்தில் வெளியாகும் இரணைமடுக் குளத்துப் படங்களைக் காணும்போதெல்லாம் என் கை தானாகவே பத்திரிகையைச் சற்றுத் திருப்பிப் பிடிக்கிறது. மேலதிக நீரை வெளியேற்றும் வான் கதவுகளால் நீர் பாயும் காட்சி நன்றாகவே இருக்கிறது. ஆனால் பின்னால் தெரியும் நீர்மட்டம் இடப்பக்கம் சரிந்து, குளத்து நீர் முழுவதும் பக்கத்துப் பத்திக்குள் வழிந்துவிடும் போலத் தோன்றுகிறது. கிளிநொச்சியில் சிறியதொரு ஸ்டூடியோ நடத்துபவன் என்ற வகையில் இதுபற்றி எழுத விரும்புகிறேன்.

மலைநாட்டில் எடுத்த படம் ஓரிரு பாகை சரிந்திருந்தால் எவரும் கவனிக்கமாட்டார்கள். வன்னியோ தட்டையான நிலம். குளம், வயல்வெளி, நந்திக்கடல் களப்பு என எங்கு நின்றாலும் காட்சியின் குறுக்கே நீண்ட கோடொன்று கிடக்கிறது. கை சற்றே சாய்ந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். பலர் அருகில் நிற்கும் பனையைப் பார்த்துக் கைத்தொலைபேசியை நிமிர்த்துகிறார்கள். பனை நேராகத்தான் வளரவேண்டும் என்று சட்டமில்லை. குளக்கட்டில் நின்று கட்டின் நீளத்துக்குப் படம் பிடித்தால், கட்டின் ஓரம் சரிவாகத்தான் தெரியும்; அதை மட்டமாக்க முயன்றால் எதிர்க்கரை சரிந்துபோகும். ஆகவே தூரத்து எதிர்க்கரை நீர்க்கோட்டையே அளவாகக் கொள்ளவேண்டும்.

இதற்கு உதவும் கருவி கையிலேயே இருக்கிறது. கமராவின் செட்டிங்ஸ் பகுதியில் 'கிரிட்' என்பதை இயக்கினால், திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கும் கோடுகள் தோன்றும். நீர்க்கோட்டை மேல் கோட்டிலோ கீழ்க் கோட்டிலோ பொருத்தினால் படம் நேராவதோடு, வானமும் நீரும் சரிபாதியாகப் பிளந்து நிற்பதும் தவிர்க்கப்படும். ஐபோன்களில், 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல், 'லெவல்' என்ற வசதியும் உண்டு. நடுவில் தோன்றும் உடைந்த கோடு, தொலைபேசி மட்டமானதும் ஒன்றாகி மஞ்சள் நிறமாகும்.

பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம்தானே என்று கேட்பார்கள். ஐந்து பாகை சரிந்த 4:3 படத்தை அதே அளவு விகிதத்தில் நிமிர்த்தி வெட்டினால், பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அண்மையில் ஒரு குடும்பத்தினர் சாமத்திய வீட்டுப் படமொன்றைப் பெரிதாக்கிப் பிரேம் போடக் கொண்டுவந்தனர். ஓரத்தில் கதிரையில் இருந்த அம்மம்மா அதன்பின் காலமாகிவிட்டார். அவரது கடைசிப் படம் அதுதான். நிமிர்த்தினால் அவருடைய தோளும் கையும் வெட்டுப்படும். இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த வீடு அது. சரிந்தபடியே அச்சிட்டுக் கொடுத்தேன்.

இன்னுமொன்று. பாடசாலைக் கட்டடத்தையோ கோயில் கோபுரத்தையோ அருகில் நின்று தொலைபேசியை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தால், அது பின்பக்கம் விழுவது போலத் தெரியும். பின்னே நகர்ந்து, தொலைபேசியைச் செங்குத்தாகப் பிடித்து, மேலதிகமாக விழும் நிலத்தைப் பின்னர் வெட்டுவதே நல்லது. குழுப் படங்களுக்கு, தொலைபேசியில் '0.5' எனக் காட்டும் மிக அகன்ற கோண வில்லையைப் பயன்படுத்தும் வழக்கமும் பரவிவிட்டது. அதில் ஓரத்தில் நிற்போரின் முகங்கள் இழுபட்டு அகலமாகின்றன. பாடசாலை அதிபரை நடுவில் இருத்துவதால் அவருக்கு மட்டும் இக்குறை தெரிவதில்லை!

வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கல், இல்ல விளையாட்டுப் போட்டி, வெள்ளம் என வாசகர்கள் அனுப்பும் படங்களைத் தாங்கள் மனமுவந்து வெளியிடுகிறீர்கள். அப்பக்கத்தின் அடியில், கிரிட் கோடுகளை இயக்கிய பின் படம் பிடிக்குமாறும், வட்ஸ்அப்பில் அனுப்பும்போது தரம் குறையாதிருக்க 'டொகியுமென்ட்' ஆக அனுப்புமாறும் இரண்டு வரிகள் சேர்த்தால் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஸ்டூடியோ உரிமையாளர் ஒருவர்,
கிளிநொச்சி.