குழு மின்னஞ்சல்களை நிர்வகிப்போருக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் ஊழியர் அனைவருக்குமான மின்னஞ்சல் குழுக்களைப் பொறுப்பேற்று நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

யாரேனும் ஒருவரின் தனிப்பட்ட பதில் ஊருக்கெல்லாம் போய்விட்டால், "பதில் அனுப்பும் முன் கவனமாக இருக்கவும்" என்று உங்களிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்துவிடுகிறது. கவனம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தவறுக்கு வழிவிட்ட அமைப்பு உங்கள் பொறுப்பில் இருக்கும்போது, அதைத் திருத்தாமல் ஊழியரை மட்டும் கண்டிப்பது நியாயமாகாது.

பணியாளர் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லிக் கண்காணிப்பாளரின் பெயரில் குழு முகவரி வழியாக ஒரு மடல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மட்டுமே எழுதுவதாக எண்ணும் ஊழியர், எல்லோருக்கும் பதில் போகும் 'ரிப்ளை ஆல்' பக்கமே போகாமல், வெறும் 'ரிப்ளை' பொத்தானைத்தான் அழுத்துகிறார். தம் அறுவை சிகிச்சையைக் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றையும் இணைத்து, விடுப்பை நீட்டிக்கக் கேட்கிறார். பதில்கள் குழுவுக்கே போகும்படி நீங்கள் அமைத்திருந்தால், அந்தச் சான்று முதல்வர் முதல் நேற்றுப் பணியில் சேர்ந்தவர் வரை எல்லோருக்கும் போய்ச் சேரும். அவர் எங்கே கவனக்குறைவாக இருந்தார்?

இது வெறும் கூச்சத்தோடு முடியும் விஷயமும் அல்ல. 2021 செப்டம்பரில், பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறக் காத்திருந்தவர்களுக்கு அனுப்பிய மடலில், முகவரிகளை, பெறுபவர்கள் ஒருவர் முகவரியை மற்றவர் காண முடியாத 'பிசிசி' கட்டத்தில் மறைக்காமல், எல்லோரும் காணும் 'டூ' கட்டத்திலேயே இட்டதால், 245 பேரின் விவரம் ஒருவருக்கொருவர் தெரிந்துவிட்டது. பெற்றவர்களில் இருவர் அனைவருக்கும் பதில் எழுதினர். அவர்களுள் ஒருவர் தாம் இருக்கும் இடத்தையே குறிப்பிட்டிருந்தார். தாலிபானுக்கு அஞ்சி ஒளிந்திருந்தவர்களின் நிலை அது. 2023 டிசம்பரில், தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிட்டன் தகவல் ஆணையர் 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தது, பதில் எழுதியவர்களுக்கு அல்ல, அந்த அமைச்சகத்துக்கு. பொறுப்பு யாருடையது என்பதில் அங்கே குழப்பம் இருக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஊழியரின் கவனத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. 5,000 பேருக்கு மேல் உள்ள மடலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் பத்து 'ரிப்ளை ஆல்' வந்தால், அடுத்த நான்கு மணி நேரத்துக்கு மேற்கொண்டு வருபவற்றைத் தடுத்து நிறுத்தும் வசதியை 2020இல் தன் அலுவலக மின்னஞ்சல் சேவையில் சேர்த்தது. சில நூறு பேர் கொண்ட நம் குழுக்களை அந்தக் காப்பு எட்டாது என்பதால், வேலை உங்களிடமே வருகிறது.

அறிவிப்புக்கென்று உள்ள குழுவில் பொறுப்பாளர்கள் மட்டுமே எழுத முடியும்படி மாற்றுங்கள். கூகுள் குழுக்களில் பதில்கள் யாருக்குப் போக வேண்டும் என்பதற்குத் தனி அமைப்பே உண்டு. அதில் மடலை எழுதியவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். வெளியாருக்குக் கூட்டாக அனுப்பும்போது 'பிசிசி'யைக் கட்டாயமாக்குங்கள். புதிதாகச் சேருவோருக்கு, ஜிமெயிலில் அனுப்பிய மடலைத் திரும்பப் பெறும் அவகாசத்தை 30 விநாடியாக உயர்த்திக்கொள்ளவும் சொல்லிக்கொடுங்கள். இயல்பாக அமைந்திருக்கும் ஐந்து விநாடி, தவறு உறைப்பதற்குள் கடந்துவிடுகிறது.

அப்படியும் ஒரு தனி மடல் தவறிப்போய்க் குழுவுக்கு வந்துவிட்டால், அதைக் குழுவின் சேமிப்பிலிருந்து முதலில் நீக்குங்கள். எழுதியவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். சுற்றறிக்கை போட்டு அவரை இன்னொரு முறை எல்லோர் முன்னும் நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களில் ஓர் உறுப்பினர்