நன்றியுரைக்கு நேரம் போதவில்லை, ஆகவே இந்த மடல்

அச்சகத் தோழர்களுக்கும் யாழ்ப்பாணத்து அயலவர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த மாசி மாதச் சனிக்கிழமையன்று வண்ணார்பண்ணையில் பக்க வடிவமைப்பாளர்களும் மெய்ப்புப் பார்ப்பவர்களும் அச்சகத்தாரும் ஒருநாள் ஒன்றுகூடினோம். நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியில் ‘நன்றியுரை, 10 நிமிடம்’ என்று இருந்தது. நான் ஒலிவாங்கியைப் பிடித்தபோது மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். கொழும்புக்கு இரவு பஸ் பிடிக்க வேண்டியவர்கள் வாசலில் ஓட்டோ தேடிக்கொண்டிருந்தார்கள். “எல்லோருக்கும் நன்றி” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு இறங்கினேன். அன்று வைத்த கடனை இன்று தீர்க்கிறேன்.

பணம் தந்தவர்களையும் மண்டபம் தந்தவர்களையும் மறக்கவில்லை, அவர்களிடம் பின்னர் வருகிறேன். என் மனதில் முதலில் நிற்பவர்கள், “இது சரிவராது” என்று எங்கள் முகத்துக்கு நேரே சொன்னவர்கள். பிழை பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நாங்கள். ஆனால் எங்கள் திட்டத்தின் பிழைகளைப் பிடித்தவர்களில் பெரும்பாலானோர் இந்தத் தொழிலில் இல்லை.

மண்டபக் காவலாளி ஐயாவிலிருந்து தொடங்குகிறேன். முதலில் ஆவணி மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு போனோம். அவர் சிரித்தார். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் ஊர் முழுவதும் கோயில் வீதியில்தான் நிற்கும், வெளியூர்க்காரருக்குத் தங்க அறையும் கிடைக்காது என்றார். கார்த்திகை என்றோம். வாசலில் மாட்டியிருந்த குடையைக் காட்டினார். தை என்றோம். முகூர்த்த நாட்களெல்லாம் கல்யாணங்களுக்குப் பதிவாகிவிட்டன என்று பதிவுப் புத்தகத்தைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். மாசியில் சிவராத்திரியும் போயா நாளும் விழாத ஒரு சனிக்கிழமையைக் கண்டுபிடித்துத் தந்தவரும் அவர்தான். எங்கள் குழு மூன்று கூட்டம் போட்டும் முடிக்காத வேலை அது. ஐயா, உங்கள் மேசையில் பத்து நிமிடத்தில் முடிந்தது.

அடுத்தவர் சமையல் அக்கா. நாங்கள் 120 பேர் என்றோம். “யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுக்குப் பெயர் பதிந்தா வருவார்கள்?” என்று கேட்டுவிட்டு, எங்களிடம் சொல்லாமலே 160 பேருக்கு அரிசி போட்டிருக்கிறார். வந்தவர்கள் 154 பேர். கத்தரிக்காய்ப் பால்கறி, பயத்தங்காய், பருப்பு, வாழைப்பூச் சம்பல், மோர் மிளகாய், கடைசியில் ரசம் என்று வாழையிலையில் அவர் பரிமாறிய சாப்பாட்டைப் பற்றி ஹற்றனிலிருந்து வந்த ஒரு வடிவமைப்பாளர் இன்றும் தொலைபேசியில் பேசுகிறார். மாநாட்டில் பேசப்பட்டவற்றைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் லஞ்ச் சீற்றில் பொதி கட்டுவோம், மலிவாக முடியும் என்று சொன்ன ஆள் நான்தான். அக்கா பதிலே சொல்லவில்லை. மறுநாள் இலைக்கட்டு வந்து இறங்கியது.

ஒலிபெருக்கித் தம்பி ஜெனரேட்டர் இல்லாமல் வரமாட்டேன் என்று நின்றார். வீண்செலவு என்று முணுமுணுத்தோம். பதினொன்றே முக்காலுக்கு மின்சாரம் போனது. மேலே அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இனிப் பெரியவரைப் பற்றி. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சுக்கோர்ப்பாளராக இருந்தவர். மங்கல விளக்கை அவரே ஏற்ற வேண்டும், பொன்னாடை போர்த்தி, வாழ்த்துப் பத்திரம் வாசித்து, நான்கு பேர் பேச வேண்டும் என்பது எங்கள் திட்டம். விளக்கேற்றச் சம்மதித்தார், மற்றவை வேண்டாம் என்றார். “அந்த அரை மணித்தியாலத்தை எனக்குத் தாருங்கள், நான் எழுத்துக் காட்டுகிறேன்.” அதனால் அன்று மேடையில் ஆசியுரை இல்லை, வாழ்த்துரை இல்லை, மாலை இல்லை. இதனால் மனம் நோகப்பெற்ற ஒரு பிரமுகரும் உண்டு. அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனாலும் அடுத்த முறையும் இப்படித்தான் செய்வோம்.

பெரியவர் பழைய பிஸ்கட் தகரம் ஒன்றில் ஈய எழுத்துகளைக் கொண்டுவந்திருந்தார். சிறிய இரும்புச் சட்டத்தை இடக்கையில் பிடித்து, வலக்கையால் எழுத்துகளை எடுத்துக் கோர்த்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலமாக நின்ற வரியைத் தடங்காமல் வாசித்தார். தமிழ்நாடு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முந்திய, ஐகாரக் குறிக்குப் பதிலாக யானைத் தும்பிக்கை போன்ற வளைவு வைத்த ‘லை’ ஒன்றை எடுத்து எல்லோரும் பார்க்கட்டும் என்று கைமாற்றிவிட்டார். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது கோடுபோட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட கதையைச் சொன்னபோது மண்டபத்தில் சத்தமே இல்லை. இந்த ஊரில் 1841இலேயே ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவந்தது, ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்து இதே வண்ணார்பண்ணையில் நிறுவினார் என்பதெல்லாம் பாடசாலையில் படித்ததுதான். மை கறுத்த அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது பாடமாகத் தோன்றவில்லை.

அவருக்குப் பின்னர் வந்த அமர்வு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாறுவது பற்றியது. அச்சகங்களில் பல ஆண்டுக் கோப்புகள் பாமினியில் கிடக்கின்றன. மாற்றும்போது ‘கௌரி’ என்பது ‘கெளரி’ ஆகிவிடுகிறது. ஔகாரக் குறி ‘ள’ போலவே இருப்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் தேடினால் கௌரி அகப்படமாட்டாள். இதை விளக்கிய வவுனியாத் தங்கைக்கும், தாமே எழுதித் திருத்திவைத்திருந்த எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கூலி கேட்காமல் எல்லோருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்த பல்கலைக்கழக மாணவர்களுக்கும் நன்றி. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை இன்னும் கைவிடாத மூத்தவர்கள் அவர்களோடு சண்டை பிடித்ததும் நல்லதுதான். சண்டை முடிந்தபின் இருவரிடம் மாணவர்களின் தொலைபேசி இலக்கங்கள் இருப்பதைப் பார்த்தேன்.

பெயர்ச் சீட்டு விவகாரத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் யாரோ ஒருவர் தடுத்துத் திருத்தினார்கள் என்றேனே, இது ஒன்று மட்டும் எவர் கண்ணிலும் படாமல் தப்பிவிட்டது. முதல்நாள் இரவு பதினொரு மணிக்கு, பாமினி எழுத்துரு இல்லாத கணினி ஒன்றில் கோப்பைத் திறந்து, பாராமல் அச்சுக்கு அனுப்பியவன் நான். காலையில் வந்தவர்களின் நெஞ்சில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று நின்றன, புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. எழுத்துரு பற்றிப் பேச அழைத்தவர்களின் பெயரையே எழுத்துரு தின்றுவிட்டது! வரவேற்பு மேசையில் இருந்த இரண்டு பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சீட்டுகளைத் திருப்பிப் பின்பக்கத்தில் கையால் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களின் கையெழுத்து எந்த எழுத்துருவையும் விட அழகு. பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக ஐஸ்கிரீம் கடன் இருக்கிறது.

தாள் வணிகர்கள் இருவர் குறிப்பேடுகள் தந்தார்கள். கனடாவிலிருந்து ஓர் அன்ரி பணம் அனுப்பி, தமது பெயரை எங்கும் போடக்கூடாது என்றார், போடவில்லை. வீட்டு முன்னறைகளில் விருந்தினரைத் தங்கவைத்த ஏழு குடும்பங்களுக்கும், காலை ஆறு மணிக்கு பஸ் நிலையத்தில் பெயர்ப் பலகையோடு நின்ற ஓட்டோ அண்ணன்மாருக்கும் எங்கள் நன்றி. வரவு செலவுக் கணக்கு மண்டப அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. மிஞ்சிய 8,450 ரூபாவைப் பெரியவரின் எழுத்துப் பெட்டிகளுக்கு மூடி செய்யக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மண்டபத்தில் விடுபட்டவை: குடை இரண்டு, மூக்குக்கண்ணாடி ஒன்று, சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்று. காவலாளி ஐயாவிடம் பெற்றுக்கொள்ளலாம்.

திரும்பி வராதது ஒன்று. கைமாறிப் போன அந்தத் தும்பிக்கை ‘லை’ பெரியவரின் தகரத்துக்கு மீளவில்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. போகும்போது தகரத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடினார், அவ்வளவுதான். யாருடைய சட்டைப்பையிலோ, கைப்பையின் அடியிலோ அது கிடக்கும். ஒரு கடித உறையில் போட்டு மண்டப முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். பெயர் எழுதவேண்டியதில்லை.

அன்புடன்,
ஏற்பாட்டுக் குழுவுக்காக,
செயலாளர்