நூற்றிருபத்தொன்றுக்குப் பிறகு

நேப்பர்வில், இல்லினாய்
9.11.2025

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பெரியவள் கல்லூரி விண்ணப்பங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். வேறு விசேஷம் இல்லை.

பேஸ்பால் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம் முடிந்த நள்ளிரவில், இனி இந்தப் பாழாய்ப்போன விளையாட்டின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று நீ செய்த சபதம் வந்து சேர்ந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் அணியின் மிகேல் ரோஹாஸும் பதினோராவதில் வில் ஸ்மித்தும் அடித்த ஹோம் ரன்களை (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல) நீ இந்த ஜென்மத்தில் மறக்கப்போவதில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும், 1993க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடர் வரை வந்து, அதிலும் கடைசி ஆட்டத்தின் கூடுதல் இன்னிங்ஸ் வரை போராடித் தோற்ற டொராண்டோ அணியின் ரசிகன், சிகாகோ ஒயிட் சாக்ஸ் ரசிகனிடம் வந்து துக்கம் கொண்டாடுவது கொஞ்சம் அதிகப்படி என்று நீயே ஒப்புக்கொள்வாய்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு ஒயிட் சாக்ஸ் பாட்காஸ்ட் நடத்தும் நம் பஸ்காரர் அதைவிட்டு விலகுகிறார். நீ இங்கே வந்திருந்தபோது வதக்கிய வெங்காயம் குவித்த சாசேஜ் வாங்கிக்கொடுத்து, நீ கெட்சப் கேட்டதற்காக உன்னை ஏற இறங்கப் பார்த்தாரே, அவரேதான். சீசனின் கடைசிப் பதிவை முடித்து, ஒலிவாங்கியை அணைத்த பிறகு, ஏதோ நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். நானும் என்னென்னவோ சொல்லிப்பார்த்துவிட்டேன். மனிதர் அசையவில்லை.

அவர் சொல்லும் காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை என்பதுதான் கஷ்டம். ஒயிட் சாக்ஸுக்கு 2023இல் 101 தோல்விகள், 2024இல் 121, இந்த ஆண்டு 102. ஜெரி ரைன்ஸ்டார்ஃப் 1981 முதல் இந்த அணியைக் கையில் வைத்திருக்கிறார். கடந்த ஜூன் மாதம் முதலீட்டாளர் ஜஸ்டின் இஷ்பியாவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டதாக அறிவித்தபோது ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் விவரத்தைப் படித்தால், 2029 முதல் 2033 வரை ரைன்ஸ்டார்ஃப் மனம்வைத்தால் மட்டுமே கட்டுப்பாடு கைமாறும் என்றும், 2034க்குப் பிறகுதான் இஷ்பியா தாமாகவே அதை வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. அதுவரை இந்த மனிதருக்காக ஒரு டாலரோ ஒரு மணி நேரமோ செலவழிப்பதில்லை என்று பஸ்காரர் முடிவெடுத்துவிட்டார். பிரிட்ஜ்போர்ட்டிலேயே பிறந்து வளர்ந்து, மைதானத்துக்கு நடந்தே போய்வந்த ஆள் சொல்லும்போது, வேலைக்காக வந்து குடியேறிய நான் என்ன பதில் சொல்ல?

இங்கேதான் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது, பொறுத்துக்கொள். 121 தோல்விகளை ஏதோ தலையெழுத்து என்பதுபோலப் பேசுகிறார்கள். இதற்கு முன்பு நவீன காலத்தின் மோசமான கணக்காக இருந்தது 1962இல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120 ஆட்டங்கள் என்றால், அது அந்த ஆண்டுதான் பிறந்த அணி. மற்ற அணிகள் கழித்துவிட்டவர்களைப் பொறுக்கிச் சேர்த்தது. அதை மன்னிக்கலாம். ஒயிட் சாக்ஸோ 2021இல் 93 ஆட்டங்களில் வென்று தன் பிரிவின் முதலிடத்தைப் பிடித்த அணி. இளைஞர்கள் நிறைந்த அந்த அணியை வழிநடத்த, பல ஆண்டுகளாக எந்த அணிக்கும் மேனேஜராக இல்லாத 76 வயது டோனி லாருசாவை உரிமையாளர் பழைய பாசத்தில் கூட்டிவந்தபோதே பஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றே ஆண்டுகளில் அப்படியோர் அணியைப் பாதாளத்தில் தள்ளுவதற்கு மெனக்கெட வேண்டும், சேகர். துரதிர்ஷ்டம் மட்டும் அவ்வளவு வேலை செய்யாது.

துரதிர்ஷ்டமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 2024 மே 23 அன்று பால்டிமோருக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ். இரண்டு ரன் பின்தங்கியிருக்கிறோம், ஒருவர்தான் அவுட், இரண்டு பேர் பேஸில் (ரன்னுக்காக வரிசையாக ஓடித் தொட வேண்டிய முனைகளில்) நிற்கிறார்கள். எங்கள் பெனின்டெண்டி அடித்த பந்து இன்ஃபீல்டிலேயே, அதாவது பேஸ்களை ஒட்டிய உள்மைதானத்திலேயே, செங்குத்தாக மேலே போனது. இப்படிப்பட்ட பந்தை வேண்டுமென்றே நழுவவிட்டு இருவரை அவுட் ஆக்கும் தந்திரத்தைத் தடுக்க, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அடித்தவர் அவுட் என்று விதி இருக்கிறது. அது சரி. ஆனால் இரண்டாவது பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த பால்டிமோர் வீரர் ஹெண்டர்சனின் வழியில் குறுக்கிட்டார் என்று அம்பயர் அவரையும் அவுட் என்றார். ஹெண்டர்சன் பந்தைச் சிரமமில்லாமல் பிடித்தார்! ஆட்டம் 8-6 என்று அங்கேயே முடிந்தது. அன்றிரவு நான் கத்தின கத்தலில் பதிவின் முதல் பத்து நிமிடங்களை வெட்ட வேண்டியதாயிற்று. பஸ்காரரோ பென்சிலைச் சீவிக்கொண்டு, தன் ஸ்கோர் தாளில் அந்த விசித்திரத்தை எந்தக் கட்டத்தில் எப்படிக் குறிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஸ்ட்ரைக்கை (மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட்) மட்டையை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆகிறவனுக்கு, அந்த வகை அவுட்டைக் குறிக்கும் 'கே' எழுத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவார்கள். அந்த ஆண்டுத் தாள்களைப் புரட்டினால் திரும்பிய எழுத்துகளாகவே தெரியும்.

ஜூலையில் தொடங்கிய 21 தொடர் தோல்விகள் ஆகஸ்ட் 6 அன்று ஓக்லண்டில்தான் நின்றன. இரண்டு நாளில் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை அனுப்பிவிட்டார்கள். செப்டம்பர் இறுதியில் 120 தோல்விகளோடு ஊர் திரும்பியபோது, சரித்திரத்தைப் பார்க்க வந்த கூட்டம் அணியை விற்றுவிடு என்று கோஷம் போட, இவர்கள் ஏஞ்சல்ஸ் அணியை மூன்று நாளும் வரிசையாக வென்று தொலைத்தார்கள். ஒழுங்காகத் தோற்கக்கூடத் தெரியவில்லை! பிறகு டெட்ராய்ட்டில், 27ஆம் தேதி, அந்த 121.

உனக்குச் சொல்வதற்கென்ன, அந்தக் கோடையில்தான் எங்கள் பாட்காஸ்டைக் கேட்கிறவர்கள் மளமளவென்று பெருகினார்கள். இன்று என்ன கூத்து என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. நான் கூத்தைச் சொன்னேன். பஸ்காரர் ஒருநாளும் சொன்னதில்லை. எட்டாவது இன்னிங்ஸில் பந்துவீச வந்த பையன் ஸ்லைடரை (பக்கவாட்டில் விலகும் பந்தை) நம்பாமல் வேகப்பந்தை ஏன் நெஞ்சுயரத்தில் போட்டான், அதற்கு முந்தைய இரண்டு பந்துகள் எங்கே விழுந்தன என்றுதான் பேசுவார், நாற்பதாவது தோல்வி என்றாலும் நூறாவது தோல்வி என்றாலும். இந்த ஆண்டு அணி 60 ஆட்டங்களில் வென்றதும் கூத்துப் பார்க்க வந்தவர்கள் கழன்றுகொண்டார்கள். மிச்சமிருப்பவர்கள் அவருக்காகக் கேட்கிறவர்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும், அதனால்தான் இவ்வளவு பதற்றம்.

அதிலும் இப்போதா போவது? ஜூலையில் வந்து 21 ஹோம் ரன் அடித்த கோல்சன் மாண்ட்காமெரியை நீ பார்க்க வேண்டும். ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே) நிற்கும் அந்த உயரத்துக்குக் காலாட்டம் அப்படி இலகுவாக இருக்கிறது. பந்துவீச்சாளர் கேரட் குரோஷேவை பாஸ்டனுக்குக் கொடுத்து வாங்கியவர்களில் கைல் டீல் தேறிவிட்டான். ஆனால் லீகின் நியாயத்தைக் கேள்: பெருநகர அணிகள் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் டிராஃப்ட் குலுக்கலில் (புதிய வீரர்களை யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவுசெய்வது) பங்குபெறக் கூடாதென்று விதி வைத்து, நவீன காலத்தில் அதிகம் தோற்ற அணியைப் பத்தாவது இடத்தில் தேர்வு செய்ய வைத்தார்கள். இத்தனைக்கும் இப்போதைய போப்பாண்டவரே எங்கள் கட்சி. 2005 உலகத் தொடரில் அவர் உட்கார்ந்திருந்த இருக்கையை மைதானத்தில் அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் 102 தோல்வி.

பஸ்காரருடைய இடத்துக்கு ஓர் இளைஞன் வரத் தயாராக இருக்கிறான். புள்ளிவிவரம் அத்துப்படி, ஆனால் வாயைத் திறந்தால் நையாண்டி. அவனோடு தொடர்வதா, தனியாகப் பேசுவதா, கடையைக் கட்டுவதா என்று பிப்ரவரியில் அரிசோனாவின் கிளென்டேலில் பயிற்சி முகாம் தொடங்குவதற்குள் முடிவு செய்ய வேண்டும். உன் கருத்தை எழுது. வார்டன்போலத் தீர்ப்பு மட்டும் சொல்லாதே. அதற்கு முன்னால் பஸ்காரரிடம் நீயே ஒருமுறை தொலைபேசியில் பேசிப்பார், கெட்சப் விவகாரத்துக்குப் பிறகும் உன் மீது அவருக்கு மரியாதை இருக்கிறது. பேச்சை மாண்ட்காமெரியிலிருந்து தொடங்கு. உரிமையாளரின் பெயரை மட்டும் எடுத்துவிடாதே, உன் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

என்றும் அன்புடன்,
பாலு