'லைன்' என்றால் கோடு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழின் மாணவர் பக்கத்தில் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கோடு, வரி, வரிசை என்று மூன்று பொருள் போட்டிருந்தீர்கள். மூன்றும் சரிதான். ஆனால் கேரளத்து இடுக்கி மலையில், எங்கள் வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் அந்தச் சொல்லுக்குள்ளேதான் குடியிருக்கிறார்கள். அந்தப் பொருள் விட்டுப்போனதில் எனக்கு வருத்தம்.

எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பை நாங்கள் லயம் என்போம். மேல் லயம், ஆறாம் நம்பர் லயம் என்று சொன்னால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும். ஒரே நீளக் கூரை, அதன் கீழே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். முதல் வீட்டில் கருவாடு வறுத்தால் கடைசி வீட்டுக்கு வாசம் போய்விடும். இந்த லயம் 'லைன்' என்பதிலிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளத்தார் வரிசையாகத் தங்கிய இடத்துக்கு லைன்ஸ் என்று பெயர். போலீஸ் லைன் என்று இன்றும் சொல்கிறோமே, அதுவும் அந்த வழிதான். தோட்டத் துரைமார் தொழிலாளருக்கு வரிசை வீடு கட்டியபோது அதே பெயர் மலைக்கும் ஏறியது. இலங்கை மலையகத்தில் லயன் ஆயிற்று, இங்கே லயம். சமவெளி வாசகருக்கு லயம் என்றால் பாட்டுக் கச்சேரிதான் நினைவுக்கு வரும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து மூடியது இந்த லயங்களைத்தான். 70 உயிர் போனது. பெரும்பாலும் நம் தமிழ்ச் சனங்கள். அப்படிப்பட்ட சொல் ஒரு பாடப் பட்டியலில் இடம்பெற வேண்டாமா?

பட்டியல் முறையே போதாது என்பதுதான் என் முக்கியக் குறை. ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். லைன் என்றால் கோடு என்று மனப்பாடம் செய்த பிள்ளை, 'டிராப் மீ எ லைன்' என்ற வாக்கியத்தைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிடுகிறது. ரெண்டு வரி எழுதிப் போடு, அதாவது கடிதம் எழுது என்பது அதற்கு எப்படித் தெரியும்? 'வாட் லைன் ஆர் யூ இன்' என்றால் என்ன தொழில் என்று கேட்கிறார்கள். 'ஹோல்டு த லைன்' என்றால் போனை வைத்துவிடாதே. சொல் எந்த வாக்கியத்தில் நிற்கிறதோ அங்கேதான் பொருள் பிடிபடும்.

வேரைக் காட்டினால் இன்னும் நன்றாகப் பதியும். இலத்தீனில் லீனும் என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல்தான் முதலில் லைன். லினன் துணியும் அதே வேர். சட்டைக்கு உள்ளே லினன் வைத்துத் தைத்ததால் லைனிங். குமுளி ஜீப் டிரைவர்கள் மலை இறங்குமுன் பார்க்கிற பிரேக் லைனிங் வரைக்கும் அந்த நூல் நீள்கிறது. டெட்லைன் என்ற சொல்லின் கதை கொடூரமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல், ஆண்டர்சன்வில் சிறையில் ஒரு கோடு. கைதி அதைத் தாண்டினால் சுட்டுவிடுவார்கள். இன்று விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு அந்தச் சொல்லைப் போடுகிறோம்.

ஒரு சொல் பல பொருள் தருவது நம் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? பாட்டு வரி, வீட்டு வரி, வரிப்புலி மூன்றையும் குழப்பாமல் பேசுகிறவர்கள்தானே. லைன் பஸ், லைன் கம்பி, லைன்மேன் என்று மலையாளம் கலந்து நாள் முழுக்கக் கேட்கிறவர்கள் வேறு. அங்கிருந்து தொடங்கினால் ஆங்கிலம் பயமுறுத்தாது. இடுக்கியின் தமிழ்வழிப் பள்ளிகளில் உங்கள் இதழைக் கத்தரித்து ஒட்டிவைக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இதழுக்கு ஒரே சொல் போதும், ஆனால் பொருளுக்கு ஒரு வாக்கியம் தாருங்கள். அடுத்து 'சார்ஜ்' எடுக்கலாம். போனுக்குப் போடுவது, பஸ்ஸில் கொடுப்பது, புது அதிகாரி எடுப்பது, போலீஸ் கோர்ட்டில் தாக்கல் செய்யும் சார்ஜ் ஷீட் என்று அதற்கும் ஒரு பக்கம் தேவைப்படும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.