அந்தப் 12 நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள்

நாடக விழாக் குழுவினருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். மேடையேற அரை மணி நேரம் இருக்கும்போது பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் ‘டிராய் நகரப் பெண்கள்’ நாடகத்தில் 12 நிமிடம் குறைக்கச் சொன்னீர்கள். கிரேக்கர்களிடம் வீழ்ந்த டிராயின் அரசி ஹெக்குபா தன் பேரனை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் காட்சி போயிற்று. ஹெக்குபாவாக நடித்தவள் நான். அந்தக் காட்சி திரும்ப வேண்டும்.

மதிலிலிருந்து கிரேக்கர்கள் வீசிக் கொன்ற குழந்தையை, அவன் அப்பா ஹெக்டரின் கேடயத்தில் கிடத்திக் கொண்டுவருகிறார்கள். அவனைப் புதைக்க வேறு பெட்டி இல்லை. கேடயத்தின் பிடியில் ஹெக்டரின் கை பதிந்த தடம். விளிம்பில், சண்டையின்போது அவன் நெற்றியிலிருந்து வழிந்த வியர்வைக் கறை. கிழவி அதைப் பார்த்துப் பேசுகிறாள். பாட்டி செத்தால் தன் சுருள்முடியை வெட்டிச் சமாதியில் வைப்பதாகச் சொன்ன பிள்ளை அவன். இப்போது அவனை இவள் புதைக்கிறாள்.

எங்கள் நாலாம் வகுப்புப் பையன், மூச்சு விடுவது தெரியாமல் படுக்க இரண்டு மாதம் பழகினான். அன்று திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, “என்னை எப்போ தூக்கிட்டுப் போவாங்க அத்தை?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் என்ன சொல்ல?

மீலோஸ் தீவை ஏதென்ஸ் படை பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கியது கி.மு. 416-415 குளிர்காலத்தில். சில மாதங்களிலேயே, 415 வசந்தத்தில், அதே ஏதென்ஸ் மக்கள் முன் ஊர் நாடக விழாவில் யூரிப்பிடீஸ் இந்த நாடகத்தைப் போட்டார். இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. ஆனால் அந்தக் கொலையைச் செய்த ஊரே உட்கார்ந்து இந்தக் குழந்தையின் உடலைப் பார்த்தது. அந்த விழாவில் ஒரு கவிஞரின் நான்கு நாடகங்களை ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்ப்பார்கள்; இங்கே 12 நிமிடம் பொறுக்க முடியவில்லை. யூரிப்பிடீஸ் எழுதிய ஏறத்தாழ 90 நாடகங்களில் மிஞ்சியவை 19. அதிலும் ஒன்று அவருடையதா என்பதே சந்தேகம். மிஞ்சியதிலுமா வெட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை பொன்னாடைக்கும் வாழ்த்துரைக்கும் 50 நிமிடம் போனது. அதில் யாரும் கைவைக்கவில்லை. எந்த விழாவுக்குப் போனாலும் இதே கதைதான்; நேரமாகிவிட்டால் விரட்டப்படுவது நடிகர்கள். கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் மேடையேறும்போது அந்தக் காட்சியை முழுதாக நடிக்க விடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை. தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். பையனுக்கு மறுபடி ஒத்திகை வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஹெக்குபாவாக நடிப்பவள்