தாம்பரத்தில் தங்கினால் என்ன குறை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சென்னைச் சுற்றுலாக் கட்டுரையில், "வாடகை குறைவு என்று தாம்பரத்தில் அறை எடுத்துவிடாதீர்கள், படுத்து எழுவதைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தது. எழுதியவர் எந்த ஊரோ, அவரை விட்டுவிடுகிறேன். நீங்கள் சென்னையை அறிந்தவர். உங்கள் பார்வைக்கு வந்த பிறகும் அந்த வரி அச்சேறியதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கோவில்பட்டியிலிருந்து என் நாத்தனார் குடும்பம் கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வரும். தென்மாவட்ட ரயில்கள் பலவும் தாம்பரத்தில் நிற்பதால் விடியற்காலையில் பெட்டி படுக்கையோடு எழும்பூர் வரை போய் அல்லாட வேண்டியதில்லை. குளித்துச் சாப்பிட்டு, கூட்டம் தணிந்த பிறகு கிளம்புவார்கள். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியை விட்டுவிட்டுத் தாம்பரத்திலேயே புறப்படும் மின்சார ரயிலில் ஏறினால் குழந்தைகளுக்கு ஜன்னலோரம் கிடைக்கும். எழும்பூரில் இறங்கி அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவில் துணி எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு வந்துவிடுவார்கள். கடற்கரை நிலையம் வரை போனாலும் சாதாரண டிக்கெட் 10 ரூபாய்தான். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தடம் இது. இதைவிடச் சிக்கனமான வழி கட்டுரையாளருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

ஒன்றும் இல்லையாம். இங்கிருந்து மூன்றாவது நிலையம் பல்லாவரம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ஊர். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாத்தனார் மகனிடம் இதைச் சொன்னதும் அங்கே போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனதால் அவனுக்குப் பல்லாவரம் சந்தையும் கிடைத்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவைச் "சென்னையில் காண வேண்டியவை" பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அது தாம்பரத்தையும் தாண்டி, செங்கல்பட்டு மாவட்டத்தில் அல்லவா இருக்கிறது? அங்கிருக்கும் விலங்குகள் சென்னையில் சேர்த்தி, நாங்கள் மட்டும் வெளியூரா?

இது இன்று நேற்று வந்த வருத்தம் இல்லை. 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் படகு போன படத்தை அட்டையில் வெளியிட்டீர்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரை உங்கள் இதழில் பார்க்க வேண்டுமானால் பெருமழை பெய்ய வேண்டியிருக்கிறது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியானபோது ஒரு பெட்டிச் செய்திகூட இல்லை. நீங்கள் அச்சிடும் சென்னை வரைபடம் கிண்டியோடு நின்றுவிடுகிறது. மனை விளம்பரப் பக்கத்தில் மட்டும் மதுராந்தகமே "சென்னைக்கு மிக அருகில்" வந்துவிடுகிறது. இதைக் குறித்து முன்பே எழுதினேன். பதிலும் இல்லை, பிரசுரமும் இல்லை.

தாம்பரம் சானடோரியத்துக்கும் அங்குள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் எத்தனையோ ஊர்களிலிருந்து நோயாளிகளும் துணைக்கு வருபவர்களும் வந்து தங்குகிறார்கள். கையில் அதிகம் இல்லாதவர்கள். வந்த இடத்தில் ஒரு நாள் குழந்தைகளுக்குச் சென்னையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று நினைக்கும் அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை பயன்பட்டிருக்க வேண்டும்.

மறுப்புக் கட்டுரை வெளியிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விமானத்தில் வருவோர் நகருக்குள் செல்ல டாக்சி, மெட்ரோ என்ற இரண்டை மட்டுமே கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். விமான நிலையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலையின் மறுபக்கத்தில் திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் உண்டு. அடுத்த இதழில் இந்த ஒரு தகவலையாவது, சிறிய எழுத்தில் என்றாலும் சரி, வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கிழக்குத் தாம்பரம்